தரவும் தீர்ப்பும்: வன்னி மக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வவுனியாவில் புள்ளிவிபரவியல் கற்பிப்பவன் என்ற முறையில், தரவுப் பகுப்பாய்வையும் செயற்கை நுண்ணறிவையும் நேர்மையாகப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதிலளிக்கிறேன்.

கிளிநொச்சி, பல்கலைக்கழக மாணவர்: சேர், ஒப்படையைச் சட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு எழுதுவது தவறா?

பதில்: விரிவுரையாளர் அனுமதித்திருந்தால், பயன்படுத்தியதை ஒப்படையிலேயே குறிப்பிட்டு எழுதுங்கள், அனுமதிக்காவிட்டால் எழுதாதீர்கள். அது தரும் நூற்பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், ஏனெனில் இல்லாத நூல்களையும் இருப்பவைபோல் எழுதிவிடும்.

புதுக்குடியிருப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்: எங்கள் பகுதியின் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைப் பற்றி நாங்கள் திரட்டிய விபரங்களை ஒரு நிறுவனம் ஆய்வுக்குக் கேட்கிறது. பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுக்கலாமா?

பதில்: பெயரை நீக்குவது போதாது, அம்மா. பிறந்த திகதி, பால், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 87 சதவீதத்தினரைத் தனித்தனியே இனங்காணலாம் என்று லதான்யா சுவீனி என்னும் ஆய்வாளர் 2000 ஆம் ஆண்டில் மதிப்பிட்டார். சில நூறு குடும்பங்களே வாழும் ஒரு கிராம அலுவலர் பிரிவில், கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர், இரண்டு பிள்ளைகள், ஒரு காலை இழந்தவர் என்று எழுதினாலே அவர் யாரென்று ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடும். வயதை ஐந்து அல்லது பத்து ஆண்டு வீச்சாகவும், கிராமத்தை மாவட்டமாகவும் மாற்றுங்கள். இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே பொருந்தும் விபரங்களை முற்றாக நீக்குங்கள். அதற்கும் முன்னர், அந்தப் பெண்கள் வாழ்வாதார உதவியை எதிர்பார்த்தே உங்களிடம் பேசினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். வேறொரு தேவைக்குக் கொடுப்பதானால் அவர்களிடம் மீண்டும் சென்று கேட்கவேண்டும். மறுப்பவரின் விபரம் போகக்கூடாது. அடையாள அட்டைகளின் படங்களை வட்ஸ்அப் வழியாக எவருக்கும் அனுப்பாதீர்கள்.

வவுனியா, கடன் நிறுவன வெளிக்கள உத்தியோகத்தர்: எமது நிறுவனத்தில் இப்போது கணினியே விண்ணப்பங்களுக்குப் புள்ளியிடுகிறது. விண்ணப்பிப்பவர் ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. ஆகவே மனிதரைவிட அது நியாயமானதல்லவா?

பதில்: அடையாள அட்டை இலக்கத்தை நீங்கள் வாங்குகிறீர்கள். அந்த இலக்கத்துக்குள் பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் உள்ளன. பெண்களுக்கு அந்த நாளெண்ணுடன் 500 கூட்டப்படுகிறது. கேட்காமலேயே பால் உங்கள் கோப்பில் இருக்கிறது. இலக்கத்தை அகற்றினாலும் தொழில், முகவரி போன்றவை அதை ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, இல்லாத தரவைக் கணினி எவ்வாறு வாசிக்கிறது என்பதுதான். அமெரிக்காவில் யாருக்கு மேலதிக மருத்துவக் கவனிப்புத் தேவை என்பதை, அவர்களுக்கு ஏற்படும் மருத்துவச் செலவைக் கொண்டு ஒரு மென்பொருள் கணித்தது. கறுப்பின நோயாளர்களுக்குச் செலவிடப்பட்டது குறைவு என்பதால், மற்றவர்களைப்போலவே நோயுற்றிருந்தும் அவர்களைத் தேவை குறைந்தவர்களாக அது மதிப்பிட்டதை, 2019 இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வொன்று காட்டியது. நமது மக்களோ 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வுகளில் காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து, முகாமில் இருந்து, பின்னர் மீள்குடியேறியவர்கள். அவர்களின் கோப்பில் முகவரிகள் பல, வங்கி வரலாறு குறுகியது. போரைக் காணாத ஊர்களின் தரவில் பயின்ற கணினி, இதை நிலையற்ற வாழ்க்கையின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளும்.

அதே உத்தியோகத்தர்: முன்னர் அதிகாரிகள் தமக்குத் தெரிந்தவர்களுக்கே கடன் வழங்கினார்கள். ஒரே பெண்ணுக்கு நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்து அவரை அழித்ததும் மனிதர்கள்தாம். அதைத் தடுப்பது புள்ளிதானே?

பதில்: நீங்கள் சொல்வதில் உண்மை உண்டு. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே முன்வரவேண்டிய அளவுக்கு அந்தச் சீரழிவு இருந்தது. ஆனால் ஒருவருக்கு ஏற்கெனவே எத்தனை கடன் உண்டு என்பதை அறிய எளிய கூட்டற்கணக்கே போதும். மறைவான ஒரு புள்ளி அதற்குத் தேவையில்லை.

ஒட்டுசுட்டான், தையல் தொழில் செய்பவர்: ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனது விண்ணப்பத்தை மறுத்தபோது காரணம் கேட்டேன். கணினி சொல்கிறது என்றார்கள். அதற்குமேல் யாரிடம் போவது?

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்வி என்னைப் பெரிதும் வருத்துகிறது. ஒரு முடிவைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லவும், பிழையெனில் அதை மாற்றவும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் இல்லாத இடத்தில் இந்தக் கருவிகளைப் பயன்படுத்தவே கூடாது என்பது எனது உறுதியான நிலைப்பாடு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தானியங்கியாக எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையைத் தருகிறது. ஆயினும் அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025 இல் பின்தள்ளப்பட்டது. சட்டத்துக்காகக் காத்திராமல், எந்த விபரத்தால் மறுக்கப்பட்டது என்று முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள்.

மாங்குளம், ஆசிரியை: மாணவர்கள் சட்ஜிபிடியைப் பயன்படுத்தலாமா?

பதில்: முதற் கேள்விக்கான பதிலைப் பாருங்கள். இதே கேள்வியை மேலும் பலர் அனுப்பியுள்ளார்கள். அவர்களுக்கும் அதுவே பதில்.

நெடுங்கேணி, விவசாயி: அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலில் எனது பெயர் இல்லை. செயற்கை நுண்ணறிவுதான் நீக்கியதா?

பதில்: இல்லை. அது முன்கூட்டியே வகுத்த அளவுகோல்களின்படி நடக்கும் தெரிவு. மேன்முறையீட்டைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அது அரச நிறுவனம் என்பதால், 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றிப் பதியப்பட்ட விபரங்களையும் கேட்கலாம். உதவி செய்வதாகச் சொல்லும் இடைத்தரகர்களுக்கு அடையாள அட்டையின் படத்தை அனுப்பாதீர்கள்.

முல்லைத்தீவு, கடற்றொழிலாளர்: எந்தக் கைபேசி நல்லது?

பதில்: அது எனது துறையன்று.

வவுனியா உத்தியோகத்தர்: புள்ளியை நிறுத்தும் அதிகாரம் எனக்கில்லை. நான் என்ன செய்யமுடியும், சேர்?

பதில்: வந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் எடுத்து, ஆண், பெண் என்றும், ஆவணங்களை இழந்தோர், இழக்காதோர் என்றும் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பங்கு மறுக்கப்பட்டது என்று கணக்கிடுங்கள். வேறுபாடு பெரிதாயின் அதை எழுத்தில் மேலிடத்துக்குக் கொடுங்கள். அத்துடன் ஒரு மாற்றத்தையும் கேளுங்கள்: விபரம் போதாத விண்ணப்பத்துக்குக் குறைந்த புள்ளி இடுவதை நிறுத்தி, "விபரம் போதாது" என்ற தனிப் பிரிவில் அதைச் சேர்த்து, வீட்டுக்குச் சென்று விசாரிக்கும் ஓர் உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கவேண்டும். அந்த வேலையை உங்களைப்போல் ஊரை அறிந்தவர்களால் செய்யமுடியும்.