கால் அட்சரம் பிந்தும் அலை

சென்ற சனிக்கிழமை மகளின் உயர்தரப் பாடத் தெரிவுக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு வெள்ளவத்தையிலிருந்து வந்த தாய், கதிரையில் உட்காரும் முன்பே கேட்டார்: "இவளுக்கு உயிரியல் ஓடும்தானே, சேர்?" மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவள். இங்கே பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் வெளிநாட்டில் மருத்துவம் படிப்பிக்கலாம், பாதிச் செலவு என் பொறுப்பு என்று கனடாவிலிருக்கும் மாமா சொல்லிவிட்டாராம். மற்றப் பாதிக்கு வீட்டை ஈடு வைப்பதாக யோசனை. பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். அவள் பேசாமல் கைத்தொலைபேசியை நீட்டினாள். தங்கை விறாந்தையில் பரதத்தின் தட்டடவு ஆடுகிறாள். பாதம் விழும் இடத்திலெல்லாம் தரையில் நீர் வளையம் விரிகிறது. தானே செய்ததாம். பாராட்ட வாயெடுத்தேன். "இல்லை சேர், அலை கால் அட்சரம் பிந்தி வருகிறது. அதுதான் சரிவரவில்லை" என்றாள். தாளத்தின் ஓர் எண்ணிக்கைதான் அட்சரம்; அதில் கால்வாசி பிந்துகிறதாம்.

அம்மா, அந்தச் சொல்லோடு உங்களைத் தேற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இனி வாதாடத்தான் போகிறேன்.

அவள் செய்வதற்கு மிகை மெய்ம்மை என்று பெயர். பிள்ளைகள் ஏஆர் என்பார்கள். கண்முன் இருக்கும் மேடைமீதே கணினி வரைந்த உருவத்தைப் பொருத்திக் காட்டும் வித்தை. கமரா படம் பிடித்து, பாதம் எங்கே என்று கணித்து, அலையை வரைந்து, திரைக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் சில மில்லி செக்கன்களைத் தின்னும். எல்லாம் கூடினால் தாளம் தப்பும். கணினி மட்டும் படித்தவருக்கு அது ஓர் எண். வட இலங்கைச் சங்கீத சபையின் நான்காம் தரம் வரை ஆடிய உங்கள் மகளுக்கு அது காலில் உறுத்துகிறது.

சிக்கல் அதோடு முடியவில்லை. அசைவைக் கண்டறியும் கூகுளின் மீடியாபைப் மென்பொருள் உடலில் 33 புள்ளிகளையும் ஒரு கையில் 21 புள்ளிகளையும் பின்தொடரும். விரல்கள் சேர்ந்து நிமிர்ந்து நிற்கும் பதாக முத்திரை பிடித்தால் சுலபம். கர்க்கட முத்திரையில் இரு கை விரல்களும் கோத்துக்கொண்டால் எந்த விரல் எந்தக் கையினது என்று தடுமாறும். முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டியில் உடையின் விசிறி மடிப்பு முழங்காலை மறைக்கும். மேடை விளக்கு மங்கினாலோ, தரை பளபளத்தாலோ கைத்தொலைபேசிக்குத் தரையே பிடிபடாது. எந்த முத்திரைக்கு உருவம் தோன்ற வேண்டும், எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஆடத் தெரிந்தவர் வேண்டும்.

இது நேற்று முளைத்த விளையாட்டும் அல்ல. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1999இலேயே கணினியில் பதிவான அசைவுகளை ஒளியுருவங்களாக்கி, ஆடுவோருடன் ஒரே மேடையில் உலவவிட்டார். ஜெனீவாவின் நடன அமைப்பாளர் ஜில் ஜோபேன் 2017இல் ஐந்து பார்வையாளர்களுக்குக் கண்ணில் கருவி மாட்டி நடனத்துக்குள்ளேயே நடக்கவைத்தார். பின்னர் கைத்தொலைபேசி வழியே தெருவில் ஆடுவோரைக் காட்டினார்.

கொழும்பில் இந்தப் பெயரில் நாளையே வேலை இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். விளம்பரம், கண்காட்சி, நிகழ்ச்சி அமைப்பு, வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செய்யும் அசைவூட்டம் என்று துண்டு துண்டாகத்தான் சம்பாத்தியம் தொடங்கும். ஆனால் அதற்காக வீடு ஈட்டுக்குப் போகாது.

உயர்தரத்தில் கலைப் பிரிவில் பரதத்தையும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் சேர்த்து எடுக்கட்டும். மூன்றாவது பாடத்தைப் பாடசாலையில் கேட்டு முடிவு செய்யலாம். பிறகு நடனப் பட்டத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடத்து சேர் பொன் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடமோ, மட்டக்களப்புக் கல்லடியின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமோ. இரண்டும் அரச நிறுவனங்கள், படிப்புக் கட்டணம் இல்லை. கூடவே, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கக்கூடியது. விஞ்ஞானப் பிரிவு எடுத்திருக்க வேண்டியதில்லை. நடனத்தையும் கணினியையும் சேர்த்துக் கேட்டு வந்த பெற்றோரை நான் இதுவரை கண்டதில்லை.

ஏஆர் செய்யப் பழகுவதற்கு யூனிட்டி, பிளெண்டர் என்ற மென்பொருள்கள் இலவசம். மூன்று மாத ஏஆர் சான்றிதழ் என்று சுவரொட்டி ஒட்டுபவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்து, இரண்டு சேலை மாற்றி, நானூறு பேருக்குச் சாப்பாடு போடச் சேர்த்து வைத்திருக்கிறீர்களே, அதில் சாப்பாட்டுப் பங்கை வெட்டினாலே வரைகலை அட்டையுள்ள நல்ல மடிக்கணினி வாங்கலாம். உறவினர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

மாமாவிடம் நானே பேசுகிறேன். அவர் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: அவள் மனமில்லாமல் பாதியில் திரும்பினால் ஈட்டை மீட்பது யார்?

இந்த ஞாயிற்றுக்கிழமை பளிங்குத் தரையில் ஒரு பன்பாய் விரித்து, யன்னலைத் திறந்து வையுங்கள். சின்னவள் ஆடட்டும், பெரியவள் பார்த்துக்கொள்ளட்டும், கைத்தொலைபேசியை நீங்கள் பிடியுங்கள். அலை எப்போது வருகிறது என்று எனக்குச் சொல்லுங்கள். பாடத் தெரிவுப் படிவத்தை அதுவரை நிரப்ப வேண்டாம்.