கணக்கில் வராத காற்று

பட்டறை மேஸ்திரி பதில்கள்

கேள்வி: ஐயா, என்னுடையது 1.6 லிட்டர் பெட்ரோல் கார், டர்போ கிடையாது. போன மாதம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நானும் நண்பனும் சேர்ந்து மூன்று வேலை பார்த்தோம். கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு ஃபில்டர் வைத்த அலுமினியப் பைப் போட்டோம். ஆயில் ஆவியைப் பிடிக்கும் கேட்ச் கேன் ஒன்று வைத்தோம். பிளக் நான்கையும் மாற்றினோம். அன்று சாயங்காலத்திலிருந்து வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது, நிலையாக நிற்பதில்லை. ஆர்.பி.எம். முள் 500க்கும் 1,100க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. கிளட்சை மிதித்து மெதுவாக நிறுத்தப் போனால் என்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. என்ஜின் விளக்கு எரிந்தது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினேன், அணைந்தது, மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது. ஸ்கேனரில் பி0171 என்று காட்டுகிறது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலை வரை நன்றாக இருந்த சென்சார், நீங்கள் அதைத் தொடாமலேயே சாயங்காலம் எப்படிச் சாகும்? பி0171 என்றால், "கலவையில் பெட்ரோல் போதவில்லை, நானும் கூட்டிக் கூட்டி ஊற்றிப் பார்த்துவிட்டேன், இனி என்னால் ஆகாது" என்று என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் கைவிரித்தது. பெட்ரோல் போதவில்லை என்று எக்ஸாஸ்ட் புகையைப் பார்த்துச் சொன்னது ஆக்சிஜன் சென்சார். தெர்மாமீட்டரை மாற்றிக் காய்ச்சலை இறக்கப் பார்க்கிறார் உங்கள் மெக்கானிக்.

உங்கள் வண்டியில் ஃபில்டரை அடுத்து, பைப்பிலேயே உட்கார்ந்து காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். புதுப் பைப்பில் அதற்கென்று ஓட்டை விட்டிருப்பார்களே, அதுதான். அது அளந்து சொல்லும் காற்றுக்குத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும்: ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். அந்தச் சென்சாரைத் தாண்டிய பிறகு எந்த இடுக்கு வழியாகக் காற்று நுழைந்தாலும் அது கணக்கில் வராத காற்று. ஐடிலில், காற்றை உள்ளே விடும் கதவான திராட்டில் ஏறக்குறைய மூடிக் கிடக்கும். என்ஜின் குடிப்பதே கொஞ்சம் காற்று. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சுவதோ பலமாக இருக்கும். அப்போது சின்னத் துளைகூடப் பெரிய வாசல். 2,500 ஆர்.பி.எம்.மில் காற்று வெள்ளமாய்ப் போகும்போது அதே துளை ஒரு பொருட்டே இல்லை. ஓடினால் சரி, நின்றால் அவதி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குப் புத்தி அங்கேதான் போனது.

எல்லோரும் பைப்பைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் கேட்ச் கேனைப் பார்ப்பேன். கேனின் தலையில் குட்டி ஃபில்டர் ஒன்று முளைத்திருக்கிறதா? இருந்தால், அது வெளிக்காற்றுக்குத் திறந்த கேன். அதைக் கொண்டுபோய், ஆயில் ஆவியை மேனிஃபோல்டில் சேர்க்கும் பி.சி.வி. லைனில் மாட்டியிருந்தால், என்ஜினுக்கு இன்னொரு மூக்கை வைத்துவிட்டீர்கள். மூடிய கேன்தான் என்றாலும் மூடியின் ஓ-ரிங், அடியில் ஆயில் வடிக்கும் குழாய், நிப்பிளைவிடப் பெரிய ஹோஸை எடுத்துக் கிளிப்பால் நெரித்திருக்கிறீர்களா என்று எல்லாவற்றையும் பாருங்கள். தண்ணீர் ஹோஸை ஆயில் ஆவிக்குப் போட்டால் கொஞ்ச நாளில் ஊறி, இளகி, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும்.

என்ஜின் ஆறியிருக்கும்போது ஒவ்வொரு ஹோஸையும் கையால் தடவி, திருகி, அடிமுனைவரை போங்கள். கண்ணை நம்பாதீர்கள், ஹோஸின் கீழ்ப்பக்க வெடிப்பு விரலுக்குத்தான் அகப்படும். ஒருமுறை இதே மாதிரி வண்டி ஒன்றுக்கு நான் மேனிஃபோல்டு கேஸ்கட் மாற்றினேன், திராட்டிலை இரண்டு தடவை இறக்கினேன், இரண்டு நாள் போனது. கடைசியில் எடுபிடிப் பையன் ஒருவன், "மேஸ்திரி, ஆயில் குச்சி ஏன் தூக்கிக்கொண்டு நிற்கிறது?" என்று கேட்டான். ஆயில் பார்த்துவிட்டு அரைகுறையாகச் சொருகியவன் நானே. என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸ் வழியாகவும் காற்று உள்ளே போகும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆள் நான். அதனால் ஆயில் குச்சியையும் ஆயில் மூடியையும் முதலில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். இரண்டு நாள் மிச்சம்.

அப்புறம் ஓடவிட்டு, சந்தேகப்படும் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் ஒரு கணம் நெரியுங்கள். ஐடில் மாறி நிமிர்ந்தால் கள்ளன் அந்த லைனில்தான். தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலால் இணைப்புகளில் லேசாகத் தெளித்தும் பார்க்கலாம். காயில், கனெக்டர் மாதிரி மின்சாரப் பாகங்கள் பக்கம் போகாமல். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துக் கண்டுபிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் எரியும் திரவத்தை அடிக்கச் சொல்லி நான் யாருக்கும் எழுத மாட்டேன்.

ஸ்கேனரில் பி0171 என்ற கோட் எண்ணைப் பார்த்ததும் மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. அதில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு ஃப்யூயல் டிரிம் எண்கள் வரும். வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்ற கணக்கு அது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சூடேறிய என்ஜினில் 5 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் கவலையில்லை, 10ஐத் தாண்டினால் கேள்வி கேட்க வேண்டும். ஐடிலில் +22 என்று நின்று, 2,500ல் பிடித்தால் +4க்கு இறங்குகிறதா? காற்று லீக். இரண்டு இடத்திலும் +15 என்று அசையாமல் நிற்கிறதா? அப்படியானால் என் கேட்ச் கேன் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு உங்கள் பைப்புக்கு வருகிறேன்.

எம்.ஏ.எஃப். சென்சார் தன் மேல் படும் காற்றின் வேகத்தை வைத்துத்தான் மொத்தக் காற்றைச் சொல்கிறது. பைப்பின் விட்டம் இவ்வளவு என்று கம்பெனியில் மனப்பாடம் செய்து கொடுத்துவிட்டார்கள். பழையது 60 மில்லிமீட்டர், புதியது 65 என்றால் 5தானே என்று தோன்றும். குறுக்குப் பரப்பு 17 சதவீதம் கூடிவிட்டது. அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் சுமார் 15 சதவீதம் குறைத்துச் சொல்லும், பெட்ரோலும் அந்த அளவுக்குக் குறையும். விட்டம் சரியாக இருந்தாலும், வளைவை ஒட்டிச் சென்சாரை வைத்தால் காற்று சுழன்று அடித்து ரீடிங் ஆடும். சென்சாரின் அம்புக்குறி காற்று போகும் திசையில்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கூம்பு ஃபில்டர் ஆயில் தடவும் ரகமா? தாராளமாகத் தடவியிருந்தால் அந்த ஆயில் பறந்துபோய்ச் சென்சாரின் கம்பியில் படிந்திருக்கும். அதற்கென்று விற்கும் எம்.ஏ.எஃப். கிளீனரை மட்டும் தெளியுங்கள். பஞ்சு, பிரஷ், கம்ப்ரஸர் காற்று எதுவும் கிட்டே போகக் கூடாது.

பிளக்கை விட்டுவிட்டேன். இடைவெளியைக் கையேட்டில் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். கீழே விழுந்த பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம், அதை மாட்டவே கூடாது. எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அப்படியே வெளியே வருவதால் மிஸ்ஸிங்கும் பெட்ரோல் குறைவு மாதிரியே காட்டும். ஆனால் கெட்ட பிளக் பெரும்பாலும் ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். உங்களுக்கு அங்கே குறையில்லை என்கிறீர்கள்.

இவ்வளவும் படித்துத் தலை சுற்றினால், பழைய ஃபில்டர் பெட்டியை அப்படியே திரும்ப மாட்டுங்கள். நோய் போய்விட்டால் பைப். போகவில்லையென்றால் கேனைக் கழற்றிப் பழைய ஹோஸைப் போடுங்கள். ஒரு நாளில் ஒன்று மட்டும். மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

பேட்டரி வயரைக் கழற்றியதில் இரண்டு நஷ்டம். கோட் எண் பதிந்த நொடியில் ஆர்.பி.எம்., சூடு, டிரிம் எல்லாம் எவ்வளவு என்று சேமித்திருந்த விவரம் அழிந்தது. ஐடிலுக்குத் திராட்டிலை எவ்வளவு திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்ததும் பல வண்டிகளில் அதோடு போய்விடும். லீக்கை அடைத்த பிறகு, கையேட்டில் சொல்லியபடி ஐடில் ரீலேர்ன் செய்யுங்கள். அதற்கு முன்னால் செய்தால் ஓட்டை வண்டியின் பழக்கத்தைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் டர்போ காரில் 'புஸ்ஸ்' என்று சத்தம் வருவதற்காக என் கணவர் ஒரு வால்வை மாற்றிப் போட்டார். வேகமாக வந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதித்தால் என்ஜின் நின்றுவிடுகிறது. ஐடிலில் சாதாரணமாகத்தான் இருக்கிறது. அவர் ஓட்டும்போது நிற்பதில்லை, அதனால் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்கிறார்.

பதில்: உங்களுக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும் அம்மா. என்ஜின் நிற்கும் முன் அவர் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சமாளிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள், பிடிபடும். மேலே தம்பிக்குச் சொன்னது கணக்கில் வராமல் உள்ளே வந்த காற்று. உங்களுடையது கணக்கில் எழுதிய பிறகு வெளியே போன காற்று. கம்பெனி வால்வு, மிஞ்சிய காற்றை எம்.ஏ.எஃப். சென்சாரைத் தாண்டிய இடத்தில் பைப்பிலேயே திருப்பி விடும். புது வால்வு அதை வெளியே ஊதிவிடுகிறது. அளந்த காற்றுக்குப் பெட்ரோல் வந்துவிட்டது, காற்றைக் காணோம். ஒரு கணம் பெட்ரோல் மிஞ்சி என்ஜின் திணறி அணைகிறது. பழைய வால்வையே மாட்டச் சொல்லுங்கள். மேனிஃபோல்டு அழுத்தத்தை மேப் சென்சாரால் அளந்து ஓடும் வண்டிகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. நண்பர் வண்டியில் நன்றாக இருக்கிறதே என்று அவர் வாதாடினால் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: எக்ஸாஸ்ட் ஹெட்டர் புதிதாகப் போட்டேன். ஐடில் முரடாகிவிட்டது. ஸ்கேனர் பெட்ரோல் குறைவு என்கிறது. பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: பிளக்கை. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஹெட்டர் எங்கோ கசிகிறது. புகை வெளியே போகும் இடமாயிற்றே, காற்று எப்படி உள்ளே வரும் என்பீர்கள். எக்ஸாஸ்ட் துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அழுத்தம் இறங்கி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும், ஐடிலில் அதிகமாக. சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்கிறது, கம்ப்யூட்டர் ஊற்றித் தள்ளுகிறது, பிளக் கறுக்கிறது. கேஸ்கட் புதிதா, பழையதையே வைத்தீர்களா? காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம் வருகிறதா, பைப் இணையும் தட்டான ஃபிளேஞ்ச்சின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா, பாருங்கள்.

கேள்வி: வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டைப் பெரியதாகப் போட்டதிலிருந்து ஐடிலில் வண்டி குலுங்குகிறது. பழைய மாதிரி அமைதியாக்க முடியுமா?

பதில்: முடியாது. இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடிவிட்டது. குறைந்த வேகத்தில் எரிந்த வாயு புதுக் கலவையோடு கலக்கத்தான் செய்யும். டியூனரிடம் சொல்லி ஐடிலை 900, 1,000க்கு ஏற்றிப் பெட்ரோலையும் இக்னிஷனையும் அதற்கேற்ப அமைத்தால் நிற்காமலாவது ஓடும். அதைவிட முக்கியம், மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜ் வைத்துப் பாருங்கள். சாதாரண என்ஜின் ஐடிலில் 17 முதல் 22 அங்குலம் (பாதரசக் கணக்கில்) காட்டும். உங்களுடையது நன்றாக இறங்கியிருக்கும். பெடலை மிதிக்க லேசாக்கும் பிரேக் பூஸ்டர் அந்த வேக்கத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. வண்டியை நிறுத்தி, என்ஜின் ஐடிலில் ஓடும்போதே பிரேக்கை நாலைந்து முறை அடுத்தடுத்து மிதித்துப் பாருங்கள். பெடல் கல்லாகிறது என்றால், குலுக்கலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வண்டியை ஓரங்கட்டுங்கள்.