உப்புச் சுமையும் மாலியின் தங்கமும்

கே: 14-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசை ஆண்ட மன்னர் மன்சா மூசாதான் உலகிலேயே பெரிய பணக்காரராமே? தங்கச் சுரங்கம் எல்லாம் அவருடையதா?

ப: சுரங்கம் அவர் கையில் இல்லை. பம்புக், புரே என்ற தங்க வயல்கள் பக்கம் தங்கம் எடுத்தவர்கள் தங்கள் போக்கில் இருந்தார்கள். அவர்களை அடக்கி மதம் மாற்றினால் தங்க வரத்து குறைந்துவிடுகிறது என்று கண்டு, மன்னர்கள் கப்பத்தோடு நிறுத்திக்கொண்டதாக அக்கால அரபு வரலாற்றாசிரியர் அல் உமரி எழுதியிருக்கிறார். கறக்கிற மாட்டை அறுப்பானேன்! மூசாவின் சொத்து இத்தனை கோடி டாலர் என்று உலவும் கணக்கெல்லாம் ஊகம். கெய்ரோ சந்தை விலை மட்டும் பதிவாகியிருக்கிறது: 1324-ல் மெக்கா யாத்திரை வழியில் அவர் அங்கே தங்கத்தை வாரி இறைப்பதற்கு முன் ஒரு மிஸ்கால் (சுமார் 4.25 கிராம்) தங்கம் 25 திர்ஹம் வெள்ளிக்காசுக்குக் குறைந்ததில்லை, பிறகு 22-க்கும் கீழே போய், 12 ஆண்டாகியும் எழவில்லை.

கே: உப்புக்கு எடைக்கு எடை தங்கம் கொடுத்தார்களாமே?

ப: கதை. 1352-ல் சஹாரா வழியே மாலிக்குப் போன மொராக்கோ பயணி இப்னு பதூதா விலையையே குறித்திருக்கிறார். சஹாராவின் உப்புச் சுரங்க ஊரான தகாஸாவில் வெட்டிய உப்புப் பாளம், ஒட்டகத்துக்கு இரண்டு. அந்தச் சுமை பாலைவனத்தின் தென்விளிம்பு ஊரான வலாத்தாவில் 8 முதல் 10 மிஸ்கால் தங்கம். மாலி தலைநகரில் 20 முதல் 30, சமயத்தில் 40. நாற்பதே என்றாலும் 170 கிராம்தான். சுமையோ நூறு கிலோவுக்கு மேல். ஆனால் தூரம் போகப் போக விலை மூன்று நான்கு மடங்காகிறது பாருங்கள், மாலியின் பிழைப்பே அதில்தான்.

தகாஸாவில் மரமே கிடையாது. வீட்டுச் சுவர் உப்புக்கட்டி, கூரை ஒட்டகத்தோல். அங்கிருந்து தெற்கே போகும் ஒட்டக வணிகக் கூட்டம், 'தக்ஷிஃப்' என்ற தூதனை வலாத்தாவுக்கு முன்கூட்டி அனுப்பும். அவன் சேதி சொன்னால் ஊர்க்காரர்கள் நான்கு நாள் தூரம் தண்ணீரோடு எதிர்கொள்வார்கள். வழியில் அவன் செத்தால் கூட்டம் வருகிற சேதியே ஊருக்குத் தெரியாது. கூட்டத்தில் பெரும்பாலோர் தாகத்தில் மடிவார்கள். இப்னு பதூதாவின் கூட்டம் அவனுக்குக் கொடுத்த கூலி 100 மிஸ்கால்: பத்துச் சுமை உப்பின் வலாத்தா விலை!

கே: அப்புறம் மாலி ஏன் சரிந்தது? போர்ச்சுகீசியர் வந்ததாலா?

ப: அவர்கள் இன்றைய கானா கடற்கரையில், எல்மினாவில் கோட்டை கட்டியது 1482-ல். மாலியின் வணிக நகரமான திம்புக்து, சஹாரா நாடோடிகளான துவாரெக்குகளிடம் போனது 1433-லேயே. 1468-ல் அதை கிழக்கே எழுந்த சோங்காய் அரசின் மன்னர் சுன்னி அலி பிடித்தார். அரியணைச் சண்டையில் மாலி வடக்கே சஹாரா வணிக வழியைக் கோட்டைவிட்டிருந்தது. போர்ச்சுகீசியக் கப்பல் வந்து, ஏற்கெனவே ஆடிய கிளையை இன்னும் கொஞ்சம் அசைத்தது, அவ்வளவுதான். சுருங்கிப்போன மாலி 1599-ல் ஜென்னே என்ற வணிக நகரைத் தாக்கித் தோற்றது.