மரமா, பிளைவுட்டா, பிளாஸ்டிக்கா? எந்த இடத்துக்கு எது: கேள்வி பதில்

திருச்சியிலிருந்து: ஐயா, கட்டில் செய்ய மரக்கடைக்குப் போனால் தேக்கிலேயே மூன்று விலை சொல்கிறார்கள். "பர்மா", "நிலம்பூர்", "நாட்டுத் தேக்கு" என்கிறார்கள். எதை நம்புவது?

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், மரத்தின் வெட்டுமுனையைப் பாருங்கள். நடுவில் பொன்பழுப்பாக இருப்பது வைரம். அதைச் சுற்றி வெளிறி இருப்பது வெள்ளை. தேக்குக்குப் பேர் வாங்கித் தந்த எண்ணெய்ப் பசையும் பூச்சி எதிர்ப்பும் வைரத்தில்தான் இருக்கின்றன. தோட்டத்தில் வளர்த்து இளசாக வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம், விலையும் குறைவு. வெள்ளையைக் கழித்து வைரமாக மட்டும் கொடுத்தால் தோட்டத் தேக்கும் வீட்டுக்குள் போடும் கட்டிலுக்குத் தாராளமாகப் போதும். கறை ஏற்றிப் பாலிஷ் போட்டபின் வெள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பலகையாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஈரம். ஆசாரியிடமோ கடையிலோ ஊசி வைத்த ஈரமானி இருந்தால் முனையில் குத்தாமல் பலகையின் நடுவில் குத்திப் பாருங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 16-ஐத் தாண்டினால் அந்தப் பலகையில் வேலையைத் தொடங்க வேண்டாம்.

கன அடிக் கணக்கையும் நீங்களே போடுங்கள். அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 6 × 2 அங்குலத்தில் 7 அடிச் சட்டம் என்றால் 84 ÷ 144 = 0.58 கன அடி. இது அறுத்த அளவு. இழைத்தபின் 2 அங்குலம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆகிவிடும். கட்டிலின் கனத்தை முடிவு செய்யும்போது இதை மனதில் வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: புயலில் கொல்லைப் பூவரசு சாய்ந்துவிட்டது. விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நாற்காலி, பெஞ்சு செய்யலாமா?

கட்டாயம் செய்யலாம். வைரம் பாய்ந்த பூவரசு கெட்டியான, நல்ல மெருகு ஏறும் மரம். அதை விறகாக்குவது பெரிய இழப்பு. ஆனால் மரத்தை முழுசாகப் போட்டு வைக்காமல் சீக்கிரமே அறுவை மில்லில் பலகையாக்குங்கள். வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் மிக வேகமாக வெளியேறும். முனை சுருங்கும்போது நடு சுருங்காததால்தான் வெடிப்பு விடுகிறது. அதனால் அறுத்த அன்றே இரு முனைகளிலும் மீந்த எனாமல் பெயின்டைக் கனமாகப் பூசிவிடுங்கள்.

தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், கூரையடியில், காற்றோட்டமான இடத்தில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் முக்கால் அங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக வையுங்கள். மேல் வரிசைக் குச்சி கீழ் வரிசைக் குச்சிக்கு நேர் மேலே வரவேண்டும். விலகினால் பலகை வளைந்து காயும். மேலே கல் பாரம் ஏற்றுங்கள். வெயிலில் போட்டுச் சீக்கிரம் காயவைக்க நினைத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். ஓர் அங்குலப் பலகைக்கு ஆறு மாதமாவது விடுங்கள். மாதம் ஒருமுறை ஒரே பலகையை எடை போட்டு வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து: ரப்பர் மரத்தில் டைனிங் டேபிள் வாங்கலாமா? பால்கனியில் போட எண்ணம்.

வீட்டுக்குள் போட வாங்கலாம். பால்கனிக்கு வேண்டாம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூஞ்சையும் வண்டும் விரும்பி வரும். அதற்காகத்தான் போரான் மருந்து ஏற்றி விற்கிறார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரைவது, மழைச் சாரல் தொடர்ந்து பட்டால் வெளியேறிவிடும்.

சேலத்திலிருந்து: அண்ணே, மூணடி அகலத் தேக்கு டேபிள், நல்லா காய்ந்த மரம்தான். ஒரே வருஷத்தில் மேல்பலகை நடுவில் பிளந்துவிட்டது. ஏன்?

மேல்பலகையைக் கீழ்ச் சட்டத்தோடு நான்கு பக்கமும் இறுக்கித் திருகியிருப்பார்கள், தம்பி. காய்ந்த மரமும் மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். மூன்றடி அகலத்தில் இது 5 மில்லிமீட்டர் வரை போகலாம். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். சுருங்க வழியில்லாத பலகை பிளக்கத்தான் செய்யும்.

திருகுகளைக் கழற்றி, குறுக்குச் சட்டத்துத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீள்துளைகளாக மாற்றச் சொல்லுங்கள். வாஷர் வைத்து, பலகை நகரும் அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். நடுவில் ஒரு திருகு மட்டும் அசையாமல் இருக்கலாம். அதன் பிறகு பிளவை ஒட்டலாம். இதைச் செய்யாமல் மக்கு (பட்டி) வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் பக்கத்திலேயே பிளக்கும்.

சென்னையிலிருந்து: சமையலறைக் கப்போர்டுக்கு பிளைவுட், எம்.டி.எஃப்., டபிள்யூ.பி.சி. என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள் சார்.

ஒரே பொருளில் முழுச் சமையலறையையும் முடிக்க நினைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள பெட்டிக்கு மட்டும் டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) அல்லது பி.வி.சி. (முழு பிளாஸ்டிக்) பலகை போடுங்கள். அங்கே குழாய் கசியாமல் இருக்காது. அடுப்புக்கு அருகில் அது வேண்டாம், சூட்டில் இளகி வளையும். தட்டாகப் போட்டாலும் 18 மி.மீ. கனத்தில் இரண்டடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விட்டால், பாத்திரப் பாரத்தில் நாளடைவில் தொய்ந்துவிடும்.

மற்ற பெட்டிகளுக்கு ஐ.எஸ். 710 (தண்ணீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையுள்ள பிளைவுட். இதன் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். வெறும் எம்.ஆர். தரம் (ஈரத்தை ஓரளவு மட்டும் தாங்குவது) என்றால் அலமாரிக்கும் கட்டிலுக்கும் சரி, சமையலறைக்கு ஆகாது. எம்.டி.எஃப். (மர நாரைப் பசையிட்டு அழுத்திய பலகை) ஈரம் படாத கதவுகளுக்கு நல்லது, பெயின்ட் வழவழப்பாக ஏறும். ஆனால் ஓரம் வழியே ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் பழைய அளவுக்குத் திரும்பாது.

எந்தப் பலகையானாலும் வெட்டிய ஓரம்தான் முதலில் கெடும். கீலுக்கும் குழாய்க்கும் போட்ட துளைகளின் உள்விளிம்பு வரை அடைக்கச் சொல்லுங்கள். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்து வாங்குவது வீண் போகாது.

நாகப்பட்டினத்திலிருந்து: மொட்டைமாடிக்கு பிரம்பு நாற்காலி போடலாமா? கடல் அரை கிலோமீட்டர்தான்.

அசல் பிரம்பு வெயில் மழைக்கு ஆகாது. கூடத்தில் போடுங்கள், பல வருஷம் உழைக்கும். மாடிக்குச் செயற்கைப் பிரம்பு வாங்குவதானால் ஹெச்.டி.பி.இ. பின்னலா, பி.வி.சி. பின்னலா என்று கேளுங்கள்; இரண்டும் பிளாஸ்டிக் வகைகள். பி.வி.சி. வெயிலில் விறைத்து ஒடியும். ஹெச்.டி.பி.இ.யிலும் புற ஊதாக் கதிர்த் தடுப்பு கலந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊருக்குப் பின்னலைவிடச் சட்டம் முக்கியம். இரும்பின் மேல் பவுடர் கோட்டிங் என்றால் ஒரு கீறல் போதும், உப்புக்காற்று உள்ளே நுழைந்து பூச்சைத் தூக்கிவிடும். அலுமினியச் சட்டம் வாங்குங்கள். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. ஆணி, போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். வழக்கமான 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் என்ற உலோகம் அதில் இருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

மதுரையிலிருந்து: திறந்த முற்றத்துத் தேக்கு ஊஞ்சலுக்கு வருஷா வருஷம் வார்னிஷ் அடித்தும் உரிகிறது.

மரம் அசைய, மேலே உள்ள படலம் அசையாமல் விரிசல் விடுகிறது. விரிசலில் புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிப் படலத்தை உரிக்கிறது. பழைய வார்னிஷை முழுதாகச் சுரண்டி, 120, பிறகு 180 எண் உப்புத்தாள் போடுங்கள். தேக்கு எண்ணெயை (அந்தப் பெயரில் கடையில் விற்பது, பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் கலந்தது) மெல்லிசாகத் துணியால் தேய்த்து, கால் மணி நேரத்தில் மரம் குடிக்காததைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. வெட்டுமுனைகளுக்கும் சங்கிலித் துளைகளுக்கும் மட்டும் கூடுதலாக ஊட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வருஷம் ஒருமுறை போதும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த துணி குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் நனைத்தோதான் குப்பையில் போட வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: மாமர சோபாவின் அடியில் மாவு கொட்டுகிறது. கரையானா?

மைதாபோல் நுண்மாவும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளைகளும் இருந்தால் வண்டு. மண்குழாய் ஓடியிருந்தால் கரையான். மாவுக்குப் பதில் உருண்டை உருண்டையாகக் கொட்டினால் மண்ணில்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் கரையான். அதற்கு ஆள் வைத்து மருந்தடிக்க வேண்டும்.

வண்டு என்றால் கையுறை போட்டு, மரத்துக்கான பூச்சி மருந்தை ஊசியால் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி மெழுகால் அடையுங்கள். தரையைத் துடைத்துவிட்டு வெள்ளைத்தாள் விரியுங்கள். தாளில் புதிதாக மாவு விழுந்தால் மறுபடி ஏற்ற வேண்டும். அடுத்த சாமானுக்கு மாமரம் எடுத்தால், பாலிஷுக்கு முன்பே லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் போராக்ஸ், 20 கிராம் போரிக் அமிலம் கரைத்து, வெந்நீரானால் எளிதில் கரையும், பலகையை ஊறவைத்துக் காயவிடுங்கள்.