கடலூர் முந்திரி, புதுச்சேரிக் கடை: ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?

கடலூரிலிருந்து புதுச்சேரிக் கடைக்கு முந்திரி அனுப்பப் போகிறீர்கள்; ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதே, பதிவு வேண்டுமா என்கிறீர்கள். வேண்டும், முதல் பாக்கெட்டுக்கே. நீங்கள் சொல்லும் 40 லட்சம் வரம்பு தமிழ்நாட்டுக்குள் விற்கிற சரக்குக்குத்தான். புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினாலே வெளிமாநில விற்பனை. வியாபாரம் எவ்வளவு சின்னதானாலும் பதிவு கட்டாயம். பலரும் குழம்புகிற இடம் இதுதான், பக்கத்து ஊர்தானே என்று நினைத்துவிடுகிறோம்.

புதுச்சேரி நேரு வீதிக் கடைக்காரர் ஜிஎஸ்டி பில் கேட்பதும் அடம் இல்லை. அது இருந்தால்தான் உங்களிடம் கட்டிய வரியை, அவர் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும்.

காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) சேருங்கள், மலிவு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், அதில் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. சாதாரணப் பதிவு போதும், அரசுக் கட்டணம் இல்லை. புதுச்சேரியில் குடோன் போடாத வரை அங்கே தனிப் பதிவு வேண்டாம்.

முதல் பில் அடித்ததும் ஒன்று பாருங்கள்: உங்கள் ஜிஎஸ்டி எண் 33, கடைக்காரர் எண் 34 என்று தொடங்கும்; அவை மாநிலக் குறியீடுகள். அப்போது ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) மட்டும்தான் வர வேண்டும். உள்மாநில விற்பனைக்குப் போடுகிற சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரிந்திருந்தால் பில் தப்பு.

ஆனால் பதிவு செய்த பிறகு கடலூர் விற்பனைக்கும் வரி உண்டு. கடலூர் மஞ்சக்குப்பம் கடைகளுக்குப் பழைய விலையிலேயே போட்டால் அந்த வரி உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். விற்பனை இல்லாத மாதத்திலும் ரிட்டர்னை (வரிக் கணக்குத் தாக்கல்) விட்டுவிடாதீர்கள், தாமதக் கட்டணம் ஏறும்.