போல்டன் தெருவில் கேமராவோடு நிற்பது எப்படி?

கேள்வி: கோவையைச் சேர்ந்த நான், இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள போல்டன் நகரில் ஓராண்டாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் சந்தை, பஸ் நிறுத்தம், செங்கல் வீட்டு வரிசை என்று ஊரின் அன்றாடக் காட்சிகளைப் படம் எடுக்கிறேன். வானம் எப்போதும் வெளிறிக் கிடப்பதால் படங்களில் உயிரே இல்லை. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் கொஞ்சம் தேவலை. குளிர்காலத்தில் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவதால் எடுக்கவே முடியவில்லை. ஆட்களை எடுக்கப் பயமாக இருக்கிறது, இது எப்போது போகும்? போன மாதம் ஒருவர் மறித்து, "அழித்துவிடு" என்றார், அழித்துவிட்டேன். சட்டம் என்ன சொல்கிறது? மழையில் கேமராவை எப்படிக் காப்பது? பன்னிரண்டு படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: பன்னிரண்டையும் பார்த்தேன். ஒன்பது படங்களில் வானம் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. எட்டில் பழைய ஆலைப் புகைபோக்கி. உங்கள் ஊரில் 2023 செப்டம்பரிலிருந்து ஓடும் மஞ்சள் பஸ் ஒன்றில்கூட இல்லை. தெருவைப் பார்த்தால் நிமிடத்துக்கு ஒன்று கடந்திருக்கும். அது போகட்டும் என்று காத்திருந்து எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நானும் லீட்ஸுக்குப் போன புதிதில் அதைத்தான் செய்தேன். வட இங்கிலாந்து என்றால் புகைபோக்கி, கருங்கல் தெரு, சோகம் என்று மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்துக்கு ஒத்துவராததை எல்லாம் பிரேமிலிருந்து தள்ளிவிடுகிறோம். உங்கள் ஊரே அதற்கு ஒரு காரணம். 1937இல் மாஸ் அப்சர்வேஷன் என்ற குழு போல்டனுக்கு 'வொர்க்டவுன்' என்று பெயரிட்டு, ஊர்மக்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பெடுக்க வந்தது. அவர்களுக்காகப் படம் எடுத்த ஹம்ஃப்ரி ஸ்பெண்டர், லைக்கா கேமராவைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு மதுக்கடை, தெருமுனை, துணி உலரும் சந்து என்று திரிந்தார். அந்தத் தொகுப்பு போல்டன் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். பார்க்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அவர் பழமையைத் தேடவில்லை. அன்றைக்குக் கண்முன் இருந்ததை எடுத்தார். அவர் இன்று வந்தால் அந்த மஞ்சள் பஸ்ஸை விட்டிருக்க மாட்டார்.

ஆகவே முதல் யோசனை, ஆறு மாதத்துக்குக் கறுப்பு வெள்ளையைத் தொடாதீர்கள். உங்கள் படங்களை அது காப்பாற்றவில்லை, 1937க்குத் தள்ளிவிடுகிறது. 1960களிலேயே ஜான் புல்மர் சண்டே டைம்ஸின் வண்ண இதழுக்காக இந்த நகரங்களை வண்ணத்தில் எடுத்தார், அதுவும் குளிர்காலத்தையும் மோசமான வானிலையையும் விரும்பித் தேடிப்போய். சால்ஃபோர்டைச் சேர்ந்த ஷெர்லி பேக்கர், தெருத்தெருவாக வீடுகள் இடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1965இல் வண்ணப் படச்சுருள் போட்டு எடுத்த படங்களும் உண்டு. சாம்பல் பின்னணியில் ஒரு குழந்தையின் சிவப்புச் சட்டை என்ன வேலை செய்கிறது என்று அவற்றைப் பார்த்தால் புரியும். மந்தமான வெளிச்சத்தில் நிறங்கள் வெளுப்பதில்லை, அடர்கின்றன. கோவையின் உச்சிவெயிலில் கிடைக்காத வசதி அது.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது. மார்கழியில் கோவையில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 55 பாகை உயரத்தில் இருக்கும். அதே நாளில் போல்டனில் 13 பாகைதான். ஆள் உயரத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் நிழல் நீளும். இரண்டு மாடி வீட்டு வரிசை ஒன்று சுமார் 30 மீட்டருக்கு நிழலை வீசும். உங்கள் தெருவின் அகலம் அதில் பாதிகூட இருக்காது. எனவே கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் டிசம்பரில் தரைக்கு வெயிலே வராது. வடக்கு தெற்காக ஓடும் தெருக்களில் நண்பகலையொட்டி கொஞ்ச நேரம், தெரு நெடுகிலும் ஒரே கோடாக வெயில் பாயும். முந்தைய மழையில் தரை நனைந்திருந்தால், தெற்குப் பார்த்து நில்லுங்கள். ஈரத் தரையும் ஸ்லேட் கூரையும் மின்ன, எதிரே வருபவர்கள் ஒளி விளிம்போடு வருவார்கள். ஊர் வரைபடத்தில் எந்தத் தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்று குறித்துவைத்துக்கொள்வது, புது லென்ஸ் வாங்குவதைவிடப் பயன் தரும்.

வெயில் இல்லாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், வானத்தை வெட்டுங்கள். கேமராவைச் சற்றுக் கீழே இறக்கினாலே போதும். இல்லையென்றால் மேட்டில் ஏறி நின்று கீழ்நோக்கி எடுங்கள். இந்த ஊர்களில் மேட்டுக்குப் பஞ்சமில்லை. வானம் பிரேமுக்குள் வந்தே தீரும் என்றால், கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்து தெருவை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூட்டிவையுங்கள். ஈரமான கருங்கல் சுவரே பிரேமை நிறைத்தால் நேர்மாறு, அரை ஸ்டாப்புக்கு மேல் குறைக்க வேண்டும். படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு நிறுத்திவிடுங்கள். மாலை நீலமாகவே விழட்டும்.

மாலை என்றதும் உங்கள் வேலை நேரம் நினைவுக்கு வருகிறது. இருட்டில் போய் இருட்டில் திரும்புவதால் குளிர்காலத்தில் எடுக்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். டிசம்பர் இறுதியில் அங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் மறைந்த பிறகு முழு இருட்டு விழ ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். கோவையில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கடை விளக்குகள் எரிந்து, பஸ்ஸுக்குள் வெளிச்சம் நிறைந்து, வானத்தில் இன்னும் நீலம் மிச்சமிருக்கும் அந்த 40 நிமிடத்தில்தான் பள்ளியும் அலுவலகமும் விட்டு ஊரே தெருவில் நடக்கிறது. மாதத்தில் இரண்டு விடுமுறை நாட்களின் மாலை மூன்றரை முதல் நாலரை வரை ஒதுக்கினால் போதும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதால், பகல் வேலை முடிந்து வந்தபிறகும் எடுக்கலாம்.

அமைப்பு எளிது. 28 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8, ஃபோகஸைக் கையால் இரண்டரை மீட்டரில் நிறுத்திவிடுங்கள். முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். நடப்பவர்களுக்கு ஷட்டர் 1/250 வினாடி. மூடிய வானத்தின் நண்பகலில் ஐ.எஸ்.ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 800 போதும். நாலு மணிக்கு 3200, 6400 என்று ஏற்றத் தயங்காதீர்கள். படத்தில் மணல் தூவியதுபோல் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் குடி முழுகிப்போகாது, ஆள் கலங்கினால்தான் வீண். கேமராவைக் கண்ணில் வைத்து ஃபோகஸ் தேடும் அந்த இரண்டு வினாடியில்தான் உங்கள் பயமும் எதிரே நிற்பவரின் சந்தேகமும் பிறக்கின்றன. அது இல்லாமல் போனாலே பாதி நிம்மதி.

இனி சட்டம். இங்கிலாந்தில் பொது இடத்தில் நின்று படம் எடுக்க அனுமதி தேவையில்லை. பிரேமில் விழும் மனிதரின் சம்மதமும் சட்டப்படி கட்டாயமில்லை. அழிக்கச் சொல்ல அந்த ஆளுக்கு உரிமை இல்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ்காரரும் அழிக்க வைக்க முடியாது. 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், 43ஆம் பிரிவின்படி, பயங்கரவாதி என்ற நியாயமான சந்தேகம் இருந்தால் போலீஸ் நிறுத்திச் சோதித்து, கேமராவில் உள்ளதைப் பார்க்கலாம். நிதானமாகப் பதில் சொன்னால் அதோடு முடிந்துவிடும். படம் எடுப்பது குற்றமே அல்ல என்பதால் விசாவை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. தனியார் இடம் வேறு கதை. வணிக வளாகத்துக்குள் நிர்வாகத்தின் விதிதான். லிவர்பூல் நகரின் 'லிவர்பூல் ஒன்' கடைவீதி போன்ற இடங்களில் திறந்த தெரு மாதிரித் தெரிவதும் அவர்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. காவலர் வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டும்; ஆனால் கேமராவைப் பிடுங்கவோ படத்தை அழிக்கவோ அவருக்கும் அதிகாரம் இல்லை. உங்கள் மருத்துவமனை வளாகத்தில் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

சட்டம் இடம் தருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. முன்தோட்டம் இல்லாத அந்த வரிசை வீடுகளில் ஜன்னல் நடைபாதையை ஒட்டியே இருக்கும், அதற்குள் லென்ஸை நீட்டாதீர்கள். பள்ளி வாசலில் நிற்காதீர்கள். போதையில் விழுந்து கிடப்பவர், அழுதுகொண்டிருப்பவர் போன்றோரை விட்டுவிடலாம். அவை அன்றாடக் காட்சிகளும் அல்ல. யாராவது வருத்தத்தோடு அழிக்கச் சொன்னால் நானும் அழித்துத்தான் இருக்கிறேன். மிரட்டினால் மட்டும் அழிப்பதில்லை.

பயம் எப்போது போகும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் போகும். அன்றாடம் என்ற சொல்லிலேயே அது இருக்கிறது: இன்று தவறினால் நாளை வரும்.

லீட்ஸின் ஹேர்ஹில்ஸ் பகுதியில் ஒரு மீன் வறுவல் கடை. வெள்ளிக்கிழமை மாலை அங்கே வரிசை வாசல்வரை நிற்கும். வெள்ளிக்கிழமை மீன் என்பது அந்த ஊர்களில் இன்னும் விடாத பழக்கம். ஒரு பிப்ரவரி மாலை நான் எதிர்ப்புறம் நின்று கடையின் பெயர்ப்பலகையை எடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சூட்டில் கண்ணாடி முழுவதும் ஆவி. வரிசையில் நின்ற ஒரு முதியவர் கோட்டின் கைமுனையால் கண்ணாடியில் ஒரு வட்டம் துடைத்து, அந்த வட்டத்தின் வழியே பஸ் வருகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நான் கேமராவைத் திருப்புவதற்குள் ஆவி மூடிக்கொண்டது. அடுத்த வெள்ளி போனேன், அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளி வந்தார். அதே கோட்டு, அதே இடம், அதே துடைப்பு. இம்முறை வட்டத்துக்குள் கண்ணும், கண்ணாடியின் மேல் பஸ் விளக்கின் மஞ்சளும் விழுந்தன. ஒரு மாதம் கழித்து அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு அவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோட்டை மாற்ற வேண்டும் போலிருக்கிறதே" என்றார். பிறகு அந்தக் கடையில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

பெரிய பெயர்கள் வாங்கியவர்களும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். பின்லாந்திலிருந்து வந்த சிர்க்கா-லீசா கொன்ட்டினென், நியூகாசலின் பைக்கர் பகுதியை எடுக்க அங்கேயே குடியேறி, தன் வீடும் இடிபடும் வரை பல ஆண்டுகள் வாழ்ந்தார். வடகிழக்கு இங்கிலாந்தின் லைன்மௌத் கடற்கரையில், அலையில் ஒதுங்கும் கடல்நிலக்கரி பொறுக்குபவர்களை எடுக்க கிறிஸ் கிலிப் 1976இல் போனபோது விரட்டிவிட்டார்கள். 1982இல்தான் இடம் கிடைத்தது. பின்னர் அங்கேயே ஒரு கேரவனில் தங்கினார். லிவர்பூல் பஸ்களில் ஏறி இறங்கியே படம் எடுத்த டாம் வுட்டை அங்குள்ளவர்கள் 'ஃபோட்டி மேன்' (போட்டோக்காரர்) என்றே அழைத்தார்கள். ஸ்பெண்டரின் ஒளிந்திருந்து எடுக்கும் முறையை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அந்த ஊரில் தான் ஓர் அந்நியன் என்ற கூச்சம் அவருக்கும் இருந்தது. கோட்டுக்குள் கேமராவை மறைத்தால் அந்தக் கூச்சம் வளரத்தான் செய்யும். உங்களுக்கு அவரைவிட ஒரு வசதி உண்டு, நீங்கள் அந்த ஊரில் சம்பளம் வாங்கி, காய்கறி வாங்கி, பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்.

எனவே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆஷ்பர்னர் தெருச் சந்தையில் நீங்கள் எப்படியும் மீன் வாங்கும் கடை நல்ல தொடக்கம். முதல் இரண்டு வாரம் கேமரா கழுத்தில் தொங்கட்டும், எடுக்க வேண்டாம். வட இங்கிலாந்துக்காரர்கள் தாங்களாகவே பேச்சுக் கொடுப்பார்கள், "ஆல்ரைட், லவ்?" என்றால் உடல்நலம் விசாரிப்பதல்ல, வணக்கம். அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும். மூன்றாம் வாரம், "ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் நிமிர்ந்து நின்று சிரிப்பார்; அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மறந்துபோய் மறுபடி கத்தியை எடுக்கும்போது அடுத்ததை எடுங்கள்.

சந்தை இல்லாத நாட்களில் குப்பை எடுக்கும் நாளைக் கவனியுங்கள். வீடுகளின் பின்னால் ஓடும் சந்தில் சக்கரத் தொட்டிகள் அணிவகுத்து நிற்கும். வீட்டு எண்ணை அவரவர் கையால் பெயின்டில் எழுதியிருப்பார்கள், ஒருவர் 7க்குக் குறுக்குக் கோடு போட்டிருப்பார், இன்னொருவர் பூ வரைந்திருப்பார். அப்படிப்பட்ட சந்துக்குக் கின்னல் என்று சிலர் பெயர் சொல்வார்கள், யார்க்‌ஷயரில் ஸ்னிக்கெட் என்றும் சொல்வார்கள். வரிசை வீடுகளுக்கு மேலே எழும் பள்ளிவாசல் மினாரும், ஆலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குஜராத்திக் குடும்பங்களின் இனிப்புக் கடைகளும் புகைபோக்கியைப் போலவே அந்த ஊருக்குரியவை. தென்னிந்தியாவின் மான்செஸ்டரில் பிறந்த உங்களுக்கு ஆலையூர் எப்படி மாறும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மழைக்கு: ஹோட்டல் குளியலறையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தலையுறை ஒன்று கேமராவின் மேல் கச்சிதமாக உட்காரும், லென்ஸுக்கு ஹூட் போதும். சட்டைப்பையில் பருத்தித் துணி ஒன்று. உண்மையான தொல்லை மழையல்ல, குளிரிலிருந்து சட்டென்று சூடான கடைக்குள் நுழையும்போது லென்ஸில் படியும் பனி. அதைத் துடைக்காதீர்கள், துடைத்தால் மீண்டும் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடிவைத்துவிட்டு ஒரு தட்டு சிப்ஸ் வாங்கிச் சாப்பிடுங்கள். கால்மணி நேரத்தில் லென்ஸ் தானே தெளிந்துவிடும், வரிசையில் நிற்பவர்களும் உங்களை மறந்திருப்பார்கள்.