ஒரே நீதிபதி, ஒரே பிரிவு

ஐயா,

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீதிபதி பி.என்.பகவதியைப் பற்றி வகுப்பில் பேசினேன். பொதுநல வழக்குக்கு வாசல் திறந்தவர் என்று பெருமையாக முடித்தபோது, "ஏடிஎம் ஜபல்பூர் தீர்ப்பிலும் அவர் இருந்தாரே?" என்று ஒரு தோழி கேட்டுவிட்டாள். வாயடைத்துப் போனேன். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் தோழி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நெருக்கடி நிலையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள், அடைத்தது சட்டப்படிதானா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. அதுதான் ஏடிஎம் ஜபல்பூர் தீர்ப்பு. அப்படிச் சொன்ன நால்வரில் பகவதியும் ஒருவர். மாறுபட்டவர் எச்.ஆர்.கன்னா மட்டும்.

சொந்தப் பகையில் ஒரு போலீஸ்காரர் யாரையாவது கொன்றால் என்ன வழி என்று விசாரணையில் கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை வழியில்லை என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. அதைக் காதால் கேட்ட பிறகும் நால்வர் அந்தப் பக்கம் போனார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இத்தனைக்கும் கன்னா புரட்சிக்காரர் அல்லர். கேசவானந்த பாரதி வழக்கில், நாடாளுமன்றமே திருத்தினாலும் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று சொல்லி அதைக் காப்பாற்றிய ஏழு பேரில் ஒருவர். சொத்துரிமை அதில் சேராது என்று நாடாளுமன்றத்துக்கு இடம் விட்டவரும் அவரே. ஜபல்பூரில் அவர் சொன்னதும் புதுச் சித்தாந்தமல்ல. உயிரும் சுதந்திரமும், அவற்றைக் காக்கும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு போட்ட பிச்சையல்ல. சாசனம் வருமுன்பே சட்டமில்லாமல் எவர் உயிரையும் பறிக்க முடியாது. அவ்வளவுதான். 1977 ஜனவரியில் பணியில் அவருக்கு இளையவரான நீதிபதி எம்.எச்.பெக்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார்.

பகவதிக்கு வருவோம். 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில், குற்றத்துக்குரிய தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களுக்காக, விரைவான விசாரணையும் உரிமை என்றார். எங்கிருந்து எடுத்தார்? அதே 21ஆம் பிரிவிலிருந்து! மூன்றே வருடம். சாசனத்தில் அந்தப் பிரிவின் ஒரு சொல்லும் மாறவில்லை. நெருக்கடி நிலை முடிந்திருந்தது. பொதுநல வழக்கெல்லாம் அவர் செய்த பிராயச்சித்தம் என்பவர்கள் உண்டு. இருக்கலாம், மனசுக்குள் புகுந்து பார்க்க யாரால் முடியும்? ஜபல்பூர் தவறு என்று முதுமையில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஹுசைனாராவில் எதிரே நின்றது மெத்தனமான நிர்வாகம். ஜபல்பூரில் எதிரே நின்றது யாரையும் தூக்கி உள்ளே போடும் அரசு. இந்த வித்தியாசத்தை மறைத்து அவரைப் புகழ என்னால் முடியாது. சிறைக்குள் கிடந்து அவரால் வெளியே வந்தவர்களை மறந்து அவரைத் தள்ளவும் முடியாது.

அடுத்தமுறை பேச வாய்ப்புக் கிடைத்தால், இரண்டு தீர்ப்புகளிலும் 21ஆம் பிரிவு வரும் பத்திகளை அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள். தோழியையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.